காவல் மரணம் நடந்தால் முதல் மூன்று நாளில் குடும்பமும் ஊரும் செய்ய வேண்டியவை: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

போலீஸ் கூட்டிப்போன ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி யாரும் அப்படியே சொல்லி வருவதில்லை. “நெஞ்சு வலின்னாரு, ஜி.ஹெச்.ல சேர்த்திருக்கோம், வாங்க” என்று ஒரு போன் வரும். போய்ச் சேரும்போது உடல் மார்ச்சுவரியில் இருக்கும், வாசலில் இரண்டு வேன் நிற்கும்.

இப்படிப்பட்ட சில குடும்பங்களோடு நான் உடன் நின்றிருக்கிறேன். நியாயம் கேட்க வேண்டும் என்ற உறுதி எல்லோரிடமும் இருந்தது. தவறு நேர்ந்ததெல்லாம் வரிசையில்தான். நஷ்ட ஈட்டைப் பற்றி முதல் நாளே பேசி, உடலைப் பார்ப்பதை மறந்துவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆரில் உள்ள சட்டப் பிரிவுகளை ஒரு வாரம் கழித்தும் மாற்றலாம், மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடம் வரை மனு போடலாம். ஆனால் உடலில் உள்ள காயமும் கேமராவில் உள்ள பதிவும் காத்திருக்காது. கீழே உள்ள வரிசை முழுக்க அந்த ஒரு காரணத்தை வைத்துப் போட்டது. தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. வேலையை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள்

துக்கத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நிற்பார்கள். அது இயல்பு. ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு பேரைத் தனியே அழைத்துப் பேசிவிடுங்கள்.

ஒருவர் மார்ச்சுவரி வாசலை விட்டு நகரக் கூடாது. சாப்பிடப் போனால் இன்னொருவர் நிற்க வேண்டும். உடலைக் குடும்பத்துக்குத் தெரியாமல் வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக இது. இரண்டாமவர் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, யார் வந்தார்கள், என்ன பதவி, எத்தனை மணிக்கு என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும். மூன்றாமவர் வழக்கறிஞரைப் பிடிக்க வேண்டும். தெரிந்த வழக்கறிஞர் இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. நான்காமவர் இறந்தவரின் அம்மாவோடும் மனைவியோடும் இருக்க வேண்டும். அவர்களைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசி முடிக்கத்தான் முதல் முயற்சி நடக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: இறந்தவருக்கும் வாரிசுக்கும் ஆதார் அல்லது ரேஷன் கார்டு நகல், வெள்ளைத் தாள், சார்ஜ் உள்ள இரண்டு போன், ஒரு ஸ்கேல், ஒரு பென்டிரைவ். ஸ்கேல் எதற்கு என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

2. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

ஒரு குடும்பத்தில் இறந்தவரின் அண்ணன், இரவு ஒரு மணிக்கு மருத்துவமனை வராண்டாவில், “உடலை அடையாளம் காட்டியதற்கு ஒரு கையெழுத்து” என்று நீட்டிய தாளில் போட்டுக்கொடுத்தார். பாதித் தாள் வெறுமையாக இருந்தது. மறுநாள் அதில் ‘அவருக்கு ஏற்கெனவே உடல்நலக் குறைவு இருந்தது, சாவில் சந்தேகம் இல்லை’ என்ற வரி இருந்தது. அந்த ஒரு வரியை மறுத்து நிற்க அவர்களுக்குப் பல மாதம் ஆனது.

கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்றால் முழுதும் படியுங்கள். காலி இடத்தில் குறுக்குக்கோடு போடுங்கள். கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும் எழுதுங்கள். போனில் படம் எடுத்த பிறகு கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வழக்கறிஞர் வரும்வரை எதுவும் வேண்டாம்.

3. எந்த வகை மரணம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

யார் விசாரிக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள்.

போலீஸ் பிடியிலோ சிறையிலோ இறந்தால் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 196 பொருந்தும். விசாரணை நீதித்துறை மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். “ஆர்.டி.ஓ. விசாரிப்பார், போதும்” என்று சொன்னால் போதாது. ஆர்.டி.ஓ. வருவாய்த்துறை அதிகாரி, அந்த விசாரணை தனி, அது இதற்கு மாற்று ஆகாது. கைது என்று எழுத்தில் காட்டவில்லை, ‘விசாரணைக்குத்தான் அழைத்தோம்’ என்பார்கள். அழைத்துப்போனவர்களின் பிடியில்தான் இருந்தார் என்றால் அதுவும் காவல்தான் என்று மனுவில் அழுத்தி எழுதுங்கள்.

என்கவுன்டர் என்றால் உச்ச நீதிமன்றம் 2014ல் பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் வகுத்த 16 நெறிமுறைகள் இருக்கின்றன. எஃப்.ஐ.ஆர். கட்டாயம். விசாரணையை சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்துக் குழுவோ நடத்த வேண்டும், சுட்டவர்களே நடத்தக் கூடாது. மாஜிஸ்திரேட் விசாரணையும் உண்டு. சுட்டவரின் வீரம் ஐயமில்லாமல் நிரூபணமாகும்வரை அவருக்கு உடனடி பதவி உயர்வோ விருதோ தரக் கூடாது.

மூன்றாவது, கூட்டத்தின் மேல் நடக்கும் துப்பாக்கிச்சூடு. 2018 மே 22ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் பேரணியில் தொடங்கிய துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். இந்த மாதிரி நிகழ்வில் அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைக்கும். ஆணையம் பரிந்துரைதான் செய்யும், தண்டிக்காது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே ஆணையம் வந்துவிட்டது என்று குற்ற வழக்கை விட்டுவிடாதீர்கள். இரண்டும் தனித்தனிப் பாதை.

4. உடலைப் பாருங்கள், முன்னும் பின்னும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

மார்ச்சுவரிக்காரர் வெள்ளைத் துணியை மார்பு வரை விலக்கி, “பார்த்தாச்சா, பார்த்தாச்சா” என்று அவசரப்படுத்துவார். அம்மா முகத்தைப் பார்த்ததுமே சாய்ந்துவிடுவார், எல்லோரும் அவரைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். அதோடு ‘குடும்பத்தார் உடலைப் பார்த்தார்கள்’ என்று பதிவாகிவிடும். அதனால் உள்ளே போகிறவர் நெஞ்சுரம் உள்ள ஒருவராக இருக்கட்டும். அவரோடு வழக்கறிஞரோ குடும்பம் நம்பும் ஒரு மருத்துவரோ போனால் இன்னும் நல்லது.

குப்புறத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். லத்தி அடி பெரும்பாலும் முதுகு, பிட்டம், தொடையின் பின்பக்கம் ஆகிய இடங்களில்தான் விழுகிறது. மல்லாக்கக் கிடக்கும் உடலில் ஒன்றுமே தெரியாது. உள்ளங்காலைப் பாருங்கள். அங்கே அடித்தால் தோல் கிழியாது, உள்ளே ரத்தம் கட்டி நிறம் மாறியிருக்கும். உள்ளங்கை, மணிக்கட்டில் கட்டிய தடம், காதின் பின்பக்கம், உதட்டின் உட்புறம், நகம், பிறப்புறுப்பு, எல்லாவற்றையும் பாருங்கள்.

ஒவ்வொரு காயத்தையும் இரண்டு முறை படம் எடுங்கள். உடலில் எந்த இடம் என்று தெரிய ஒன்று தூரத்திலிருந்து, அளவு தெரிய ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒன்று கிட்டத்திலிருந்து. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது கையா காலா என்றே பிறகு வாதம் வரும். இந்தப் படங்களைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். படத்தின் தரமும் போகும், பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

“போஸ்ட்மார்ட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். காவல் மரணங்களில் குடும்பத்தார் உடலைப் பார்க்காமல் பிரேதப் பரிசோதனை நடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020ல் சந்தோஷ் வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவின் நகலை வழக்கறிஞரிடம் கேட்டுக் கையில் வைத்திருங்கள். வாயால் சொல்வதைவிடத் தாளைக் காட்டினால் அதிகாரிகளின் பேச்சு மாறுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

5. போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்

மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு மனு, மருத்துவமனை டீனுக்கு ஒரு நகல். இரண்டிலும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: மருத்துவக் கல்லூரியில் தடயவியல் மருத்துவத்தில் முதுகலை படித்த இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், முழு உடலுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், தொடக்கம் முதல் முடிவுவரை வீடியோ எடுக்க வேண்டும், அறிக்கையும் வீடியோவும் வாரிசுக்குத் தர வேண்டும். இவையெல்லாம் அதே 2020 உத்தரவில் இருப்பவை. புதிதாக எந்தச் சலுகையும் கேட்கவில்லை என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

எக்ஸ்ரே கேட்பதற்குக் காரணம், கத்தி படாத இடத்தில் இருக்கும் எலும்பு முறிவு சாதாரணப் பரிசோதனையில் தப்பிவிடும் என்பதுதான்.

“இன்று ராத்திரியே முடித்துத் தருகிறோம், காலையில் எடுத்துப் போய்விடலாம்” என்பது அனுசரணையாகத் தோன்றும். இரவில் போஸ்ட்மார்ட்டம் செய்ய மத்திய சுகாதார அமைச்சகம் 2021ல் அனுமதி தந்தபோதே, கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றை விலக்கி வைத்தது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால்தான் விதிவிலக்கு. சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டும் வாய்ப்பைத் தராமல், மருத்துவமனை வளாகத்தில் அமைதியாக இருங்கள். இதற்காகத்தான் சொல்கிறேன், முதல் இரவு கல்லெறி எதுவும் நடந்துவிடக் கூடாது.

6. புகாரை நீங்களே எழுதுங்கள்

போலீஸ் தானாகப் பதியும் எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 194 அல்லது 196ன் கீழ் ‘மரணம்’ என்று மட்டும் இருக்கும். அதில் குற்றவாளி என்று யாரும் இருக்க மாட்டார்கள். குடும்பத்தின் புகார் தனியாகப் போக வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் கூட்டிப்போனார்கள், பார்த்தவர் யார், பிறகு யார் போனில் பேசினார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘பார்த்தால் அடையாளம் காட்டுவேன்’ என்று எழுதுங்கள். அரசியல் பேச்சும் வசைச் சொல்லும் வேண்டாம். கேள்விப்பட்டதைக் கண்ணால் பார்த்ததாக எழுதவே கூடாது. ஒரு பொய் விவரம் இருந்தால் மீதி உண்மை அத்தனையையும் அதை வைத்தே உடைப்பார்கள்.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் பிரிவு 173(4)ன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் இருக்கிறார். ஆனால் அரசு ஊழியர் மீதான புகாரில் மாஜிஸ்திரேட் உத்தரவிடும் முன் மேலதிகாரியின் அறிக்கையையும் பார்க்க வேண்டும் என்று 175(4) சொல்வதால் நாள் இழுக்கும். காவல் மரணத்தில் நேராக உயர் நீதிமன்றம் போவதே நல்லது என்பது என் கருத்து.

இறந்தவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால் அதைப் புகாரிலேயே குறிப்பிட்டு, சாதிச் சான்று நகலை இணையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்று முதலிலேயே பார்க்க வேண்டியிருக்கும். பின்னால் சேர்ப்பது கடினம்.

7. பதிவுகளை அழிய விடாதீர்கள்

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தை மறக்க முடியாது. 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜையும், செல்போன் கடை நடத்திய அவர் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்தது என்று வழக்கு. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட பிறகு, 22ஆம் தேதி இரவு மகனும் மறுநாள் காலை அப்பாவும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தபோது, கேமராவின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் அளவு இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. அந்த இரவின் காட்சி இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் சொன்னது. ஆனாலும் நாம் கேட்டால்தான் கிடைக்கும். முதல் நாளே எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ‘இன்ன ஸ்டேஷன், இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரை பதிவைப் பாதுகாக்கவும்’ என்று மனு கொடுங்கள். கொடுத்த பிறகு அழிந்தால் அந்த அழிவே ஒரு சாட்சி.

ஸ்டேஷன் கேமராவோடு நிற்காதீர்கள். ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள டீக்கடை, வண்டி போன வழியில் பெட்ரோல் பங்க், மருத்துவமனை நுழைவாயில், எல்லா இடமும் கேமராதான். கடைக் கேமராக்கள் பலவற்றில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். கடைக்காரரிடம் பணிவாகக் கேளுங்கள். அவருக்கும் அதே ஸ்டேஷன் எல்லையில் வியாபாரம் நடக்க வேண்டும், பயம் இருக்கும். தரத் தயங்கினால் வற்புறுத்தாமல், கேமரா இருக்கிறது என்பதை மட்டும் மனுவில் சேர்த்து நீதிமன்றம் கேட்கும்படி செய்யுங்கள்.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகைத் திருட்டு விசாரணையில் அடித்துக் கொல்லப்பட்டபோது, மறைவாக நின்று ஒருவர் எடுத்த சில நொடி வீடியோ வழக்கின் திசையையே மாற்றியது. அப்படி ஒரு வீடியோ கிடைத்தால் எடுத்த போனைப் பத்திரமாக வையுங்கள், ரீசெட் செய்யாதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள். நகலைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63ன்படி சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவு நீதிமன்றத்தில் நிற்பது சிரமம். அதை வழக்கறிஞர் தயாரிப்பார். எடுத்தவர் பெயரை முகநூலில் போட்டுப் பாராட்டாதீர்கள். அவருக்கு ஆபத்து.

காகிதங்களையும் கேளுங்கள்: மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (காயங்களைக் குறிக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்), கைதுக்குப் பின் எடுத்த மருத்துவப் பரிசோதனைச் சான்று, ரிமாண்ட் உத்தரவு, சிறைச் சேர்க்கைப் பதிவேடு. சிறையில் சேர்க்கும்போது காயம் குறித்திருந்தால், காயம் அதற்கு முன்பே ஏற்பட்டது என்று தானாக நிலைபெறும். உடுத்தியிருந்த துணியையும் கேளுங்கள். சாத்தான்குளத்தில் ரத்தம் ஊறிய கைலியை மாற்றிமாற்றிக் கொடுத்ததாகக் குடும்பத்தார் சொன்னது பின்னால் வழக்கில் கனமான விஷயமாயிற்று. வீட்டுக்கு வந்துவிட்ட துணியைத் துவைத்துவிடாதீர்கள். காயவைத்துக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடிக்கும்.

8. ஊர் திரண்டால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

ஊர் திரளாவிட்டால் பல வழக்குகள் ‘மாரடைப்பு’ என்றே முடிந்திருக்கும். சாத்தான்குளத்துக்காகத் தமிழ்நாடெங்கும் வணிகர்கள் கடையடைத்தார்கள், உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கும் பிறகு சி.பி.ஐ.க்கும் போனது. மக்கள் தெருவில் நிற்பது வீண் அல்ல. ஆனால் எதைக் கேட்டு நிற்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

கோரிக்கை ஐந்துக்கு மேல் வேண்டாம். கொலை வழக்காக மாற்றுவது, சம்பந்தப்பட்டவர்களைப் பணியிடை நீக்கம் செய்து கைது செய்வது, வேறு அமைப்பின் விசாரணை, கேமராப் பதிவு, சாட்சிப் பாதுகாப்பு. இந்த வரிசையில் எழுதுங்கள். நிவாரணமும் வேலையும் கேட்பதில் தவறே இல்லை, அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அதை முதல் வரியில் எழுதினால் பேச்சுவார்த்தை அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும்.

பேச்சுவார்த்தைக்கு மூன்று பேர் போங்கள். அதில் ஒருவர் கட்டாயம் குடும்பத்தார். கட்சித் தலைவர்கள் மட்டும் உள்ளே போய்ப் பேசி, குடும்பம் வெளியே நின்ற இடத்தில் பல தடவை வருத்தம்தான் மிஞ்சியது. ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். பணம் வாங்கினால் வழக்கு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கொலைக் குற்றம் சமரசத்தில் முடியும் குற்றம் அல்ல. ‘வழக்கு வேண்டாம்’ என்ற வரி மட்டும் எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது.

இளைஞர்களை ஒரு பக்கமாக உட்கார வைத்துப் பேசுங்கள். பேருந்துக் கண்ணாடி ஒன்று உடைந்தால் பொதுச் சொத்துச் சேத வழக்கு வரும். பாஸ்போர்ட்டும் அரசு வேலையும் தடைபடும். தூத்துக்குடியில் போராடியவர்கள் மேல் போட்ட வழக்குகளில் பலவற்றை அரசு 2021ல்தான் திரும்பப் பெற்றது. மூன்று ஆண்டு அந்தப் பிள்ளைகள் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள்.

9. உடலை வாங்கியதும் எரிக்காதீர்கள்

வழக்கம் எரிப்பது என்றாலும் இந்த ஒரு முறை புதையுங்கள். மாஜிஸ்திரேட்டுக்குப் புதைத்த உடலைத் தோண்டிப் பரிசோதிக்க உத்தரவிடும் அதிகாரம் உண்டு. சாம்பலில் எதைத் தேடுவது? பெரியவர்கள் மறுப்பார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள். புதைத்த இடத்துக்கு அடையாளம் வைத்துப் படம் எடுங்கள்.

பரிசோதனை சரியாக நடக்கவில்லை என்று தோன்றினால், உயர் நீதிமன்றம் போகப் போகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் குறைந்தது 48 மணி நேரம் உடலைப் பாதுகாத்து வைக்க வேண்டும். அதைத் தாண்டி நாள்கணக்கில் உடலை வாங்க மறுப்பது எப்போதும் உதவாது. நீதிமன்றமே வாங்கச் சொல்லிவிடும். வீட்டில் உள்ளவர்களும் நொந்துபோவார்கள்.

10. ஆணையத்துக்கு ஒரே ஒரு மனு

தேசிய மனித உரிமை ஆணையத்துக்குக் காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளே தெரிவிக்க வேண்டும். ஆனாலும் நீங்களும் எழுதுங்கள். நடந்து ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர வேண்டும், கட்டணம் இல்லை.

இங்கே பலர் செய்யும் தவறு, மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் ஒரே நாளில் அனுப்புவது. மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. எது வேண்டும் என்று வழக்கறிஞரோடு பேசி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

11. மூன்றாம் நாளுக்குப் பிறகு

கூட்டம் கலைந்துவிடும், வேன்களும் போய்விடும். சாட்சிகள் அதே ஊரில்தான் இருப்பார்கள். 2018ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்கலாம். மிரட்டல் போன் வந்தால் நாள், நேரம், எண் மூன்றையும் நோட்டில் எழுதி அன்றைக்கே மனுவாக்குங்கள். சாத்தான்குளம் ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, அந்த இரவில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புத் தர வேண்டியிருந்தது. சீருடை போட்ட ஒருவருக்கே அந்த நிலை என்றால் டீக்கடைக்காரரை நாம் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாஜிஸ்திரேட் விசாரணைக்கு சம்மன் வரும். குடும்பத்தார் விசாரணையில் உடனிருக்கப் பிரிவு 196 அனுமதிக்கிறது, எல்லா நாளும் யாராவது ஒருவர் போங்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல்லலாம். அப்புறம், போஸ்ட்மார்ட்டம் அறிக்கைக்கும் விசாரணை அறிக்கைக்கும் நகல் கேட்டு மனு போடுங்கள். தர முடியாது என்று யாராவது சொன்னால், அதையே எழுதித் தரச் சொல்லி, தேதியோடு வாங்கி நோட்டில் ஒட்டி வையுங்கள்.